பாரிஸ்–குவாதலூப் விமானக் கட்டணம்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

பாரிஸிலிருந்து குவாதலூப்புக்குப் பறப்பவர் பிரான்சிலிருந்து பிரான்சுக்குத்தான் போகிறார். 1946 முதல் அந்தத் தீவு பிரான்சின் ஒரு மாவட்டம். அங்கே புழங்குவது யூரோ. அங்குள்ளவர்கள் பாரிஸிலுள்ள நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்கிறார்கள். டிக்கெட் வாங்கப் போகும்போது மட்டும் அது கரீபியக் கடலின் உல்லாசத் தலமாகிவிடுகிறது. விலையும் அப்படியே ஏறுகிறது. இந்த வழித்தடத்தைப் பொதுச் சேவையாக ஏற்று, அதன் கட்டணத்துக்கு அரசு உச்சவரம்பு விதிக்க வேண்டும் என்று எங்கள் சங்கம் கோருகிறது.

பாரிஸ் வட்டாரத்துத் தமிழ்ச் சங்கம் ஒன்றுக்கு அட்லாண்டிக் கடலைத் தாண்டிய தீவில் என்ன வேலை என்று சிலர் கேட்கிறார்கள். பதில் வரலாற்றில் இருக்கிறது. 1848இல் அடிமை முறை ஒழிந்ததும் குவாதலூப்பின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1854 டிசம்பர் 24 அன்று ஒரேலி என்ற கப்பல் முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகளை அங்கே இறக்கியது. 1889 வரையில் ஏறத்தாழ 42,000 பேர் போனார்கள். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய தமிழர்கள் அவர்களில் ஏராளம். ஒப்பந்தம் முடிந்தால் ஊர் திரும்பக் கப்பல் செலவு தருவதாகச் சொல்லித்தான் கூட்டிப்போனார்கள். பெரும்பாலோர் திரும்பவில்லை, தோட்டங்களிலேயே மாண்டவர்கள் பலர். அந்தக் கூலிகளின் பிள்ளைகளுக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு என்று, அவர்கள் வழிவந்த ஆன்றி சிதம்பரம் 1904 முதல் 1923 வரை வழக்காடினார். இன்றும் காபெஸ்தேர்-பெல்-ஓ ஊரின் ஷாங்ழி கோயிலில் மாரியம்மனுக்குப் பூசை நடக்கிறது. அந்த வழிவந்த குடும்பங்களோடு எங்கள் உறுப்பினர்கள் பலர் உறவு கொண்டாடுகிறார்கள், பெண் கொடுத்து எடுத்திருக்கிறார்கள். இது எங்கள் வீட்டுப் பிரச்சினையும்தான்.

தூரம் சுமார் 6,750 கிலோமீட்டர், எட்டரை முதல் ஒன்பது மணி நேரப் பறப்பு. ரயில் கிடையாது, சாலை கிடையாது, பயணிகள் கப்பலும் கிடையாது. கூட்டமில்லாத மாதங்களில் போக வர ஐந்நூறு யூரோ அளவில் கிடைக்கும் இருக்கை, ஜூலையிலும் டிசம்பரிலும் ஆயிரத்தைத் தாண்டுகிறது. பள்ளிக்கூடம் எப்போது மூடும் என்பதை அரசு முடிவு செய்கிறது. பெற்றோருக்கு வேறு மாதம் இல்லை. நான்கு பேர் உள்ள குடும்பம் பாட்டி வீட்டுக்கு ஒருமுறை போய்வர, இரண்டு மூன்று மாதச் சம்பளத்தை எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. தீவுகளில் பிறந்து இங்கே அரசுப் பணி செய்பவர்களுக்கான சிறப்பு விடுப்பையும் 2020இல் மாற்றினார்கள். முன்பு மூன்றாண்டுக்கு ஒருமுறை 65 நாள் வரை இருந்தது. இப்போது ஈராண்டுக்கு ஒருமுறை 31 நாள்தான். அடிக்கடி போகலாம் என்பது நல்லதே. ஆனால் அத்தனை பேரும் அதே சில வாரங்களுக்குள் நெருக்கியடித்துக் கிளம்ப வேண்டியிருக்கிறது.

விமான நிறுவனங்கள் சொல்லும் காரணம் எங்களுக்குத் தெரியும். ஜூலையில் பாரிஸிலிருந்து நிரம்பிப் போகும் விமானம், பாதி காலியாகத் திரும்புகிறது. எரிபொருள் செலவோ இருபுறமும் ஒன்றே. இது உண்மை. போட்டி பெருகினால் விலை தானாக இறங்கும் என்பதைத்தான் எங்களால் நம்ப முடியவில்லை. எக்ஸ்எல் ஏர்வேஸ் வந்தது, 2019இல் திவாலானது. லெவல் நிறுவனம் வந்தது, 2020இல் பாரிஸை விட்டுப் போனது. அவை இருந்தவரை மலிவாகப் பறந்தோம். போனபின் பழையபடி ஆனது. தாயைப் பார்க்கப் போவதை இப்படிப்பட்ட வரவு போக்கை நம்பி விட முடியாது.

எல்லாவற்றையும் விடக் கொடியது துக்கத்துக்குப் போகும் பயணம். தீவில் அப்பா இறந்த செய்தி இரவில் வருகிறது. இரண்டு மூன்று நாளில் அடக்கம். கடைசியாக முகம் பார்க்க வேண்டுமென்றால் அன்றிரவே டிக்கெட் எடுக்க வேண்டும். கடைசி நேரத்தில் எடுப்பவருக்குத்தான் விலை மிக அதிகம். விலை வைக்கும் கணினிக்கு அவசர வியாபாரத்துக்குப் போகிறவரும் ஒன்றுதான், கொள்ளிபோடப் போகிறவரும் ஒன்றுதான். அண்ணன் தம்பி மூவரில் யாரை அனுப்புவது என்று வீட்டில் உட்கார்ந்து பேசி, ஒருவரை மட்டும் அனுப்பிய குடும்பங்கள் எங்கள் உறுப்பினர்களிடையே உண்டு. மற்ற இருவரும் அடக்கத்தைக் கைபேசித் திரையில் பார்த்தார்கள். இதை எந்தக் குடும்பமும் மறப்பதில்லை.

அரசு உதவி இல்லாமலில்லை. 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கடல்கடந்த மாவட்டங்களுக்கான நிதி ஒன்று இருக்கிறது. லதோம் என்ற அரசு முகமை அதை வழங்குகிறது. வருமான வரம்புக்குள் இருப்பவர்களுக்கு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை டிக்கெட் விலையில் ஒரு பங்கு கிடைக்கும். ஆனால் அந்தப் பொது உதவி தீவில் குடியிருப்பவர்களுக்கானது. பாரிஸில் வேலை பார்க்கும் மகனுக்கு அது கிடையாது. பிரான்சின் இன்னொரு தீவான கோர்சிகாவைப் பாருங்கள். சுமார் மூன்றரை லட்சம் பேர் வாழும் அந்தத் தீவுக்குப் பெருநிலத்தோடு பயணத் தொடர்பைக் காக்கவென்று அரசு ஆண்டுக்கு 187 மில்லியன் யூரோ ஒதுக்கிவந்திருக்கிறது. அங்கு வசிப்பவர்களுக்குப் பருவம் எதுவானாலும் மாறாத கட்டணம். ஸ்பெயின் நாடு கனரித் தீவுகளில் குடியிருப்பவர்களுக்கு 2018 முதல் பெருநிலத்துக்கான பயணத்தில் 75 விழுக்காடு தள்ளுபடி தருகிறது. கோர்சிகாக்காரர் பெறுவதை நாங்கள் பொறாமையோடு பார்க்கவில்லை. அவர்களுக்குக் கிடைப்பது நியாயம். அதே நியாயம் குவாதலூப்புக்கும் உண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1963 முதல் 1981 வரை பூமிதோம் என்ற அரசு அலுவலகம் தீவுகளின் இளைஞர்களைத் திரட்டி, டிக்கெட் எடுத்துக் கொடுத்து, இங்குள்ள மருத்துவமனைகளுக்கும் தபால் நிலையங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் கொண்டுவந்தது. அந்த டிக்கெட் ஒருவழி டிக்கெட். இன்று பாரிஸ் புறநகரில் ஓய்வூதியத்தில் வாழும் பல குவாதலூப்புக்காரர்கள் அப்படி வந்தவர்கள். ஆள் தேவைப்பட்டபோது பணம் போட்ட அரசுக்கு, அவர்கள் ஊருக்குப் போய்வருவதில் பொறுப்பில்லை என்று சொல்ல உரிமை கிடையாது.

தாமத இழப்பீட்டிலும் ஓர் அநீதி ஒளிந்திருக்கிறது. 2004ஆம் ஆண்டின் 261ஆம் எண் ஐரோப்பிய விதிப்படி, பாரிஸிலிருந்து நியூயார்க்கிற்கு, அதாவது சுமார் 5,800 கிலோமீட்டர், நான்கு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் பயணிக்கு 600 யூரோ. அதைவிடத் தொலைவான குவாதலூப்புக்கு அதே தாமதமானால் 400 யூரோதான். காரணம், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நடக்கும் பயணம் எவ்வளவு நீண்டாலும் 1,500 கிலோமீட்டருக்கு மேல் ஒரே தொகை. விலை வைக்கும்போது வெளிநாடு, இழப்பீடு கொடுக்கும்போது உள்நாடு. இந்த விதியைத் திருத்தும்படி பிரான்ஸ் அரசு ஐரோப்பிய ஒன்றிய மன்றத்தில் குரல் எழுப்ப வேண்டும்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வரும் உறவினர்களுக்கு அலைச்சல் வேறு. ஷெங்கன் பகுதிக்குள் குவாதலூப் இல்லை. பாரிஸுக்கு வாங்கிய சுற்றுலா விசாவைக் கொண்டு தீவுக்குப் போக முடியாது, தனி விசா வேண்டும். பாரிஸின் சார்ல் தெ கோல் விமான நிலையத்தில் இறங்கி, பெட்டி படுக்கையோடு ஒர்லி விமான நிலையத்துக்குப் போய் ஏர் கராயிப் அல்லது கோர்சேர் விமானம் பிடிக்க வேண்டியவர்களுக்கு, ஊருக்குள் நுழைய ஷெங்கன் விசாவும் தேவை. இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில், ஒரே கட்டணத்தில் தர வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டு 1008ஆம் எண் விதி, தொலைதூரப் பகுதி வழித்தடங்களில் பொதுச் சேவைக் கடமையாக உச்சக் கட்டணம் விதிக்க அரசுகளை அனுமதிக்கிறது. ஆகவே சட்டம் இடம் தரவில்லை என்ற பேச்சுக்கு இடமில்லை. பள்ளி விடுமுறைக்கு ஓர் உச்சவரம்பு வேண்டும். துக்கத்துக்கும் கடும் நோய்க்கும், எந்த நாளில் வாங்கினாலும் மாறாத ஒரே கட்டணம் வேண்டும். பிரான்சின் பெருநிலத்தில் வாழும் தீவுக் குடும்பத்தாருக்கும் உதவி நீள வேண்டும். நிறுவனங்களுக்கு ஏற்படும் இழப்பைக் கோர்சிகாவில் செய்வதுபோல அரசு ஈடுகட்டட்டும். விமானப் பயணத்தைக் குறைக்க வேண்டும் என்ற சூழலியல் வாதத்தை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் வேறு வழியே இல்லாதவரிடமிருந்து அதைத் தொடங்கக் கூடாது. உல்லாசப் பயணிகளுக்கு மானியம் கொடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை, அதை எதிர்க்கிறோம்.

உறுப்பினர்களுக்கு: வாங்கிய டிக்கெட்டில் பறக்க முடியாமல் போனால், திருப்பித் தராத டிக்கெட்டானாலும் அதிலுள்ள விமான நிலைய வரிகளைத் திரும்பக் கேட்கச் சட்டம் உரிமை தருகிறது. இணையவழியே கேட்டால் கட்டணம் பிடிக்கக் கூடாது. முப்பது நாளுக்குள் தர வேண்டும். தாமத இழப்பீட்டைப் பிரான்சில் ஐந்தாண்டு வரை கோரலாம். பழைய போர்டிங் பாஸ்களையும் டிக்கெட் மின்னஞ்சல்களையும் தூக்கி எறியாமல் சங்க அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். விண்ணப்பம் எழுத உதவுகிறோம்; நீங்கள் கொடுத்த விலைகளை, பெயர் நீக்கி, நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கொடுக்கும் மனுவோடு இணைக்கிறோம்.