தடிமனான பார் போட்டா வண்டி வேகமாயிடுமா?

டிஸ்கி: இது கொஞ்சம் டெக்னிக்கல் மொக்கை. கார்ல ஆர்வமில்லாதவங்க நடுவுல இருக்கற கணக்கைத் தாண்டிப் போயிடலாம். ஆனா வீட்டுல ஒரு கார் இருந்து, அதை எடுத்துட்டுப் போக ஒரு தம்பியோ மச்சானோ இருந்தா கடைசிப் பகுதியை மட்டுமாவது படிச்சுடுங்க.

எங்க காரைக்கால்ல பி.ஒய்-02 நம்பர் போட்ட சின்னக் கார் வச்சிருக்கற பசங்க சிலர் அலாய் வீல், சைலன்சர் எல்லாம் முடிச்சுட்டு இப்ப 'பார்' பக்கம் வந்திருக்காங்க. ஆட்டோக்ராஸ் வீடியோ பார்த்த பாதிப்பு. "அண்ணே, பின்னாடி தடிமனா ஒரு பார் போட்டா ரேஸ் கார் மாதிரி திரும்புமாமே?" இதுதான் கேள்வி. நமக்கு ஆபீஸ்ல ஆணி பிடுங்கற நேரம் போக மீதி நேரம் இந்த ஆராய்ச்சிதான்கறதால பதிவாவே போட்டுடறேன்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். பார் என்பது டயர் பிடிப்பைக் கூட்டுற சாமான் இல்லை. இருக்கற பிடிப்பை முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் பங்கு பிரிக்கற சாமான். இது புரியாம வாங்கினா காசு போகும். சில சமயம் வண்டியும் போகும்.

முதல்ல பேரு. அமெரிக்காக்காரன் ஸ்வே பார்ங்கறான், இங்கிலாந்துல ஆன்ட்டி ரோல் பார். நம்ம மெக்கானிக் ஷெட்டுல ஸ்டெபிலைசர் பார். மூணும் ஒண்ணுதான். இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைக்கற முறுக்குக் கம்பி. வளைவுல வண்டி ஒரு பக்கம் சாயும்போது இந்தக் கம்பி முறுகி, சாய்வைத் தடுக்கும்.

ஆட்டோக்ராஸ்ங்கறது, அமெரிக்கப் பாணியில, பெரிய பார்க்கிங் மைதானத்துல கூம்பு வச்சு, ஒவ்வொரு வண்டியா நேரம் பார்த்து ஓட்டறது. (ஐரோப்பாவுல ஆட்டோக்ராஸ்னா மண்ணுல ஓட்டறது. நாம சொல்றதுக்குப் பக்கத்துல வர்றதை பிரான்ஸ்ல ஸ்லாலம்னு சொல்வாங்க. நம்மூர்ல பலருக்கு அங்க சொந்தக்காரங்க உண்டு, கேட்டுப் பாருங்க.) வேகம் பெரிசா இருக்காது. ஆனா ஒரு நிமிஷத்துக்குள்ள இருபது முப்பது திருப்பம். அதனால எஞ்சின் பலத்தைவிட வண்டியோட சமநிலைதான் அங்க ஜெயிக்கும்.

இப்ப விஷயத்துக்கு வருவோம். வளைவுல உள்பக்கச் சக்கரத்துல இருந்து வெளிப்பக்கச் சக்கரத்துக்கு எடை மாறும். மொத்தம் எவ்வளவு மாறும்ங்கறதை வண்டியோட எடை, அதோட புவியீர்ப்பு மையத்தின் உயரம், சக்கரங்களுக்கு நடுவுல இருக்கற அகலம், எவ்வளவு வேகமா திரும்பறோம்ங்கறது, இதெல்லாம்தான் தீர்மானிக்கும். எவ்வளவு தடிமனான பார் போட்டாலும் இந்த மொத்தம் கிட்டத்தட்ட மாறாது. அதுல முன் அச்சுக்கு எவ்வளவு, பின் அச்சுக்கு எவ்வளவுங்கறதை மட்டும்தான் பார் மாத்தும்.

அதனால என்னங்கறீங்களா? டயர் நம்ம மூட்டை தூக்கற ஆளு மாதிரி. ஒரு மூட்டைன்னா விறுவிறுன்னு நடப்பாரு. அவர் தலையிலயே ரெண்டு மூட்டை ஏத்தினா வேலை ரெண்டு மடங்கு நடக்காது. டயர்லயும் சுமை ரெண்டு மடங்கானா பிடிப்பு ரெண்டு மடங்கு ஆகாது, அதுக்குக் கீழதான் வரும். ஆக, எந்த அச்சுல எடைமாற்றம் அதிகமோ அந்த அச்சோட மொத்தப் பிடிப்பு குறையும். முன்னாடி பார் தடிமனானா முன்பிடிப்பு குறைஞ்சு, ஸ்டியரிங் திருப்பினாலும் வண்டி நேரா போகப் பார்க்கும். அதுதான் அண்டர்ஸ்டீர். பின்னாடி தடிமனானா பின்பக்கம் வழுக்கி முன்னுக்கு வரப் பார்க்கும். அது ஓவர்ஸ்டீர்.

எவ்வளவு தடிமன்? இங்கதான் நிறைய பேர் ஏமாறறாங்க. கம்பியோட விறைப்பு விட்டத்தோட நான்காம் அடுக்குல ஏறும். 22 மி.மீ. கம்பிக்குப் பதிலா 24 மி.மீ. போட்டா "ரெண்டு மில்லிதானே"ன்னு தோணும். விறைப்பு 42 சதவீதம் கூடுது! 24 மி.மீ.லயே 4 மி.மீ. சுவர் உள்ள குழாய்க் கம்பி போட்டா விறைப்புல 20 சதவீதம்தான் குறையும், எடை 44 சதவீதம் குறையும். அதனால கடைக்காரர் விட்டத்தை மட்டும் சொன்னா நம்பாதீங்க. கெட்டிக் கம்பியா குழாயா, நுனிக் கை எவ்வளவு நீளம்னு கேளுங்க. கை குட்டையானாலும் விறைப்பு ஏறும். அட்ஜஸ்ட் பண்ற பார்ல ரெண்டு மூணு ஓட்டை இருக்கறது அதுக்குத்தான்.

சரி, முன்னாடியா பின்னாடியா? அமெரிக்காவுல எஸ்.சி.சி.ஏ. நடத்தற போட்டியில ஸ்ட்ரீட் பிரிவுக்கு அழகான விதி ஒண்ணு இருக்கு. முன், பின் ரெண்டுல ஒரே ஒரு பாரைத்தான் மாத்தலாம். அப்பதான் ஆளு யோசிப்பான்.

பின்சக்கரம் இழுக்கற மாஸ்டா எம்.எக்ஸ்-5 மாதிரி ஸ்போர்ட்ஸ் காருக்குப் பலரும் முன்பாரைத்தான் தடிமனாக்கறாங்க. கணக்குப்படி அண்டர்ஸ்டீர் கூடணும் இல்லையா? ஆனா சாய்வு குறையறதால முன் டயர் ரோட்டுல சப்பையா உக்காரும். உள்பக்கப் பின்சக்கரம் தரையைவிட்டுக் கிளம்பாததால ஆக்ஸிலேட்டர் மிதிச்சா சும்மா சுத்தாம இழுக்கும். முன்சக்கரம் இழுக்கற ஸ்விஃப்ட், போலோ வகையறாவுக்கு இதே தர்க்கம் தலைகீழ். பின்பக்கம் விறைச்சா உள்பக்கப் பின்சக்கரம் நாய் காலைத் தூக்கற மாதிரி தூக்கும் :-) போகட்டும், இழுக்கற முன்சக்கரம் ரெண்டும் தரையில இருக்கே. இன்னொண்ணு, இந்த வண்டிகள்ல பின்னாடி பாரே இல்லைன்னு நினைக்காதீங்க. பின்னாடி குறுக்கே போற முறுக்கு பீமே பார் வேலையும் செய்யுது.

அப்ப பசங்க கேட்டது சரிதானே, பின்னாடி பார் போட்டுடலாமேன்னா, இங்கதான் என் ஆட்சேபணை.

போட்டி மைதானத்துல பின்பக்கம் வழுக்கினா ரெண்டு கூம்பு விழும், கைதட்டுவாங்க. அதே வண்டி அக்டோபர்லருந்து டிசம்பர் வரைக்கும் கொட்டற மழையில நாகப்பட்டினம் - காரைக்கால் - தரங்கம்பாடி ரோட்டுல போகணும். சனிக்கிழமை அப்பா அதே வண்டியை எடுத்துட்டுத் திருநள்ளாறு போவார். தயாரிப்பாளர்கள் வேணும்னேதான் கொஞ்சம் அண்டர்ஸ்டீர் வச்சு விக்கறாங்க. வண்டி நேரா போகுதுன்னா யாரா இருந்தாலும் பயந்து ஆக்ஸிலேட்டர்லருந்து காலை எடுப்பாங்க. வேகம் குறையும், வண்டி அடங்கும். பின்பார் விறைச்ச வண்டியில அதே பயத்துல காலை எடுத்தா எடை முன்னுக்குப் போய், பின்பக்கம் லேசாகி, வண்டி சுத்திடும். அதைப் பிடிக்கக் கைப்பழக்கம் வேணும். அப்பாவுக்கு அந்தப் பழக்கம் இல்லை, இருக்கணும்னு அவசியமும் இல்லை.

போதாததுக்கு நம்ம ரோடு. விறைப்பான பார் ரெண்டு சக்கரத்தையும் கட்டிப் போடறதால, ஒண்ணு பள்ளத்துல விழுந்தா அடுத்ததையும் உலுக்கும். கடற்கரை உப்புக் காத்துல துரு வேற. புஷ்ஷும் லிங்க் ராடும் தேய்ஞ்சு டக் டக்னு சத்தம் கேக்க ஆரம்பிச்சுட்டா, புதுப் பாருக்கு முன்னாடி அதை மாத்துங்க. தளர்ந்த லிங்க்ல எந்தப் பாரும் ஒழுங்கா வேலை செய்யாது.

சட்டமும் இருக்கு. பதிவுச் சான்றிதழ்ல உள்ள விவரம் தயாரிப்பாளர் முதல்ல கொடுத்ததுக்கு மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுங்குது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்திச்சு. பார் அதுல வருமா வராதான்னு வாங்கறதுக்கு முன்னாடியே கேட்டு வச்சுக்கறது நல்லது. விபத்துக்கப்புறம் இன்சூரன்ஸ்காரர்கிட்ட விவாதம் பண்றது நமக்கு வேண்டாம்.

அதுக்காக ஆட்டோக்ராஸே வேண்டாம்னு சொல்லலை. நல்ல டயர் முதல்ல. அடுத்து அலைன்மென்ட். அப்புறம் ஒரு ரூபாய் சாக்பீஸ்! டயர் ஓரத்துல கோடு போட்டு ஒரு சுத்து ஓட்டிப் பாருங்க. எவ்வளவு தூரம் கோடு அழிஞ்சிருக்கோ அவ்வளவு தூரம் டயர் மடங்குதுன்னு அர்த்தம். ரெண்டு ரெண்டு பி.எஸ்.ஐ.யா காத்தை மாத்தினாலே சமநிலை எவ்வளவு மாறுதுன்னு அசந்துடுவீங்க. வீட்டுக்குக் கிளம்பும்போது கதவுல ஒட்டியிருக்கற அளவுக்குக் காத்தை வச்சுட்டா பழைய வண்டி திரும்ப வந்துடும். பாருக்கு அந்த வசதி கிடையாது. இதை பீச் ரோட்டுல செய்யாதீங்க ராசா. கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயோ, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையோ, முறையா நடக்கற நிகழ்ச்சிக்குப் போங்க. காரைக்கால்லருந்து ரெண்டும் தூரம்தான். பார் வாங்கற காசுல பெட்ரோல் போட்டுப் போய் ஒரு சீசன் ஓட்டிப் பாருங்க. அதுக்கப்புறமும் முன்பக்கம் நேரா ஓடுதுன்னு கைக்குத் தெரிஞ்சா, போட்டிக்குன்னே ஒரு பழைய வண்டி வாங்கி அதுல பின்பாரைப் போடுங்க. வீட்டு வண்டியை விட்டுடுங்க.

வெளிநாட்டுல கூம்புகளுக்கு நடுவுல வண்டி ஓட்டற நம்ம பதிவர்கள் யாராவது இருந்தா, ஒரே ஒரு பார்தான்னா நீங்க எதை மாத்துவீங்க, ஏன்னு எழுதுங்க. மாத்துக் கருத்து இருந்தா இன்னும் சந்தோஷம். கும்மியை அப்புறம் வச்சுக்கலாம் :-))