ஃபார்வர்டு பண்ணும் முன் இந்த டீச்சரை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தவர்களும் இதை முழுசாகப் படிக்க வேண்டும்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் புரட்டாசியில் நம் குடும்பக் குரூப்பில் ஒரு செய்தி வந்தது. "மழைக்காலத்தில் ஆட்டுக்குத் தடுப்பூசி போடாதீர்கள், சினை கலையும், மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கொடுத்தாலே போதும், நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல." படித்தேன், நன்றாக இருந்தது. ஒரு கும்பிடு படத்தையும் சேர்த்து நானும் நாலு குரூப்புக்கு அனுப்பினேன். திருக்கழுக்குன்றம் பக்கம் இருக்கும் என் தம்பியிடம் 22 செம்மறி. அந்த வாரம்தான் ஊரில் தடுப்பூசி முகாம் நடந்தது. தம்பி ஆட்டை ஓட்டிக்கொண்டு போகவில்லை. கேட்டவர்களிடம் "எங்க அக்கா டீச்சரு, அனுப்பியிருக்கு" என்று சொல்லியிருக்கிறான்.

ஐப்பசியில் நல்ல மழை, தளதளவென்று புது புல். ஆடுகள் வயிறு முட்ட மேய்ந்தன. ரெண்டே நாளில் ஆறு ஆடு துள்ளித் துள்ளி விழுந்து செத்தன. மாட்டு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, துள்ளுமாரி என்றார். மழைக்கு முன்னால் ஊசி போட்டிருந்தால் தப்பியிருக்கும் என்றார். தம்பி இன்றுவரை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதனால்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த ஆறு ஆட்டுக்கு நான்தான் பொறுப்பு. எத்தனையோ வருஷம் சாக்பீஸ் பிடித்த கை, ஒரு விரலில் தொட்டுக் கெடுத்துவிட்டது.

இனி உங்கள் முறை. மறைமலைநகரிலும் சிறுசேரியிலும் துபாயிலும் உட்கார்ந்துகொண்டு ஊருக்கு விவசாய யோசனை அனுப்புகிறீர்களே, அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

ஜூன் மாதம் வந்தால் "மேட்டூர் திறந்தாச்சு, நாற்று விடுங்கள்" என்று ஒரு வீடியோ வருகிறது. பிள்ளைகளே, மேட்டூர் தண்ணீர் எந்த வாய்க்கால் வழியாக மதுராந்தகத்துக்கு வருகிறது? நான்காம் வகுப்பில் வரைபடம் வரைந்தோமே. அது தஞ்சாவூர்க்காரனுக்குச் சொன்ன யோசனை. நம்முடையது ஏரி மாவட்டம். பாலாறு பாதி நாள் மணல்தான். ஏரி நிறைவது ஐப்பசி, கார்த்திகையில். அந்த ஏரித் தண்ணீரை நம்பித்தான் மார்கழி, தையில் நவரை நடுகிறோம். கிணறு உள்ளவர்கள் சித்திரையில் சொர்ணவாரி வைக்கிறார்கள். ஆவணியில் சம்பா. டெல்டாவின் குறுவைக் கணக்கைக் கொண்டுவந்து இங்கே ஒட்டினால் அது யோசனை ஆகாது. நாற்று காய்ந்ததுதான் மிச்சமாகும்.

"ஆடிப் பட்டம் தேடி விதை" என்று சொன்ன நம் பாட்டன் முட்டாள் இல்லைதான். ஆனால் அவன் தன் நிலத்து மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்து, தன் ஊர் மேகத்தைப் பார்த்துச் சொன்னான். யாரோ, எந்த ஊருக்கோ, எந்த வருஷமோ சொன்னதை அவன் அனுப்பி வைக்கவில்லை. அவன் பெயரைச் சொல்லிக்கொண்டு அவன் செய்யாத வேலையை நாம் செய்கிறோம்.

கை வைத்தியமே கூடாது என்று நான் சொல்லவில்லை. மாட்டுக்குத் தோல் கழலை நோய் பரவியபோது வெற்றிலை, மிளகு, உப்பு, வெல்லம் சேர்த்துக் கொடுக்கும் முறையைக் கால்நடைப் பல்கலைக்கழகத்துக்காரர்களே சொன்னார்கள். நோய் வந்த மாட்டுக்கு எவ்வளவு, எத்தனை வேளை என்று அளவோடு சொன்னார்கள். தடுப்பூசியே வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. அந்தக் கடைசி வரியைச் சேர்த்தது நம் குரூப்புகள்.

2025 கோடையில் நடந்ததை மறந்துவிட்டீர்களா? தர்பூசணியில் சாய ஊசி போடுகிறார்கள் என்று பேச்சு பரவியது. செய்யூர், மதுராந்தகம் பக்கம் மார்கழியில் விதை போட்டு, கடன் வாங்கித் தண்ணீர் பாய்ச்சியவர்கள் பழத்தைப் பறிக்காமல் கொல்லையிலேயே விட்டார்கள். அந்த வீடியோவை அனுப்பியவர்களில் என் மாணவர்களும் உண்டு. யாருக்கும் வயிறு வலிக்கவில்லை. விவசாயிக்குத்தான் வலித்தது.

சரி, ஃபார்வர்டை மட்டும் திட்டினால் போதுமா? அந்த இடம் ஏன் காலியாக இருந்தது என்றும் கேட்க வேண்டும். 2018 முதல் மாவட்ட அளவில் வேளாண் வானிலை அலகுகள் வந்தன, வேளாண் அறிவியல் நிலையங்களில். செவ்வாய், வெள்ளி தோறும் அடுத்த ஐந்து நாள் மழை, காற்று, வெயிலைப் பார்த்து, "இந்த வாரம் யூரியா போடாதே, மருந்து அடிக்காதே, அறுத்த கதிரைக் களத்தில் விடாதே" என்று சொல்வதற்கு ஆள் வைத்தார்கள். நாடு முழுவதும் 199 அலகுகள். 2024 தொடக்கத்தில் எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள். தகவல் சேகரிப்பு தானியங்கி ஆகிவிட்டதாம், ஆள் தேவையில்லையாம். மழைமானி தானாக அளக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "வியாழக்கிழமை மழை, அதனால் உரத்தைச் சனிக்கிழமைக்குத் தள்ளு" என்று சொல்வது மழைமானியா?

மண்டல மையங்கள் இருக்கின்றனவே என்பார்கள். நம் மண்டலத்தில் திருவண்ணாமலையும் இருக்கிறது, கடலூரும் இருக்கிறது. மாமல்லபுரம் கரையோர மணலுக்கும் அச்சிறுபாக்கம் செம்மண்ணுக்கும் ஒரே யோசனை எப்படிப் பொருந்தும்? இங்கே ஒரு நாளில் கொட்டும் மழை அங்கே தூறலாக இருக்கும்.

2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. மீனவர்களுக்கு வந்த எச்சரிக்கை தெளிவாக இருந்தது: கடலுக்குப் போகாதே. என்ன செய்ய வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது. விவசாயிக்கு வருவது "கனமழைக்கு வாய்ப்பு" மட்டும்தான். பால் பிடிக்கும் சம்பாவை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? அதைச் சொல்லத்தான் ஆள் வேண்டும். ஆள் இல்லாத இடத்தில் யார் சொல்கிறார்கள்? பூச்சிமருந்துக் கடைக்காரர் சொல்கிறார். விற்பவரே வைத்தியர்.

"டீச்சர், எல்லாம் ஆப்பில் இருக்கே" என்று ஒரு பையன் போனில் சொன்னான். உழவன் இருக்கிறது, மேகதூத் இருக்கிறது, எனக்கும் தெரியும். என் தம்பியிடம் இருப்பது பட்டன் போன். நீ ஆப்பில் பார்த்து அவனுக்கு ஒரு போன் பண்ணு. அதுதான் நீ செய்ய வேண்டிய ஃபார்வர்டு.

வரும் மழைக்கு நான் சேகரித்து வைத்திருப்பதைச் சொல்கிறேன்.

ஆவணிக்குள் சம்பா நாற்று. தாழ்ந்த நிலம், தண்ணீர் நிற்கும் என்றால் வெள்ளம் தாங்கும் சிஆர் 1009 சப் 1 போன்ற ரகத்தைப் பற்றி வேளாண் அலுவலரிடம் கேளுங்கள். பயிர்க்காப்பீட்டுக் கடைசித் தேதியைத் தவறவிடாதீர்கள்.

புரட்டாசி முடிவதற்குள் ஆட்டுக்குத் துள்ளுமாரி ஊசி, குடற்புழு மருந்து. மாட்டுக்குக் கோமாரி ஊசி வருஷத்துக்கு ரெண்டு தடவை இலவசமாகப் போடுகிறார்கள். கொட்டகைத் தரையை மேடாக்கி, ஈரம் இல்லாமல் வையுங்கள்.

மழையில் புது புல்லில் பசியோடு ஆட்டை விடாதீர்கள். கொஞ்சம் காய்ந்த தீவனம் போட்டுவிட்டு ஓட்டுங்கள். ஏரி ஓரம் நத்தை இருக்கும் பள்ளத்தில் மேய்த்தால் தட்டைப்புழு வரும். உடம்புக்கு முடியாமல் போனால் 1962-க்கு போன் செய்யுங்கள்.

வயல் மூழ்கினால் முதலில் தண்ணீரை வடியுங்கள். வடிந்த பிறகுதான் உரம். ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்புண்ணாக்கு கலந்து ஒரு ராத்திரி வைத்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்துப் போடச் சொல்கிறார்கள். சந்தேகம் என்றால் கிசான் கால் சென்டர் 1800-180-1551, தமிழிலேயே பேசலாம். காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது, நேரில் போங்கள்.

இனி ஒரு செய்தியை அனுப்பும் முன் நான்கு கேள்வி கேளுங்கள். எந்த ஊருக்குச் சொன்னது? எந்த மாதத்துக்கு? சொன்னவர் யார்? தப்பாகப் போனால் யார் பொறுப்பு? நான்குக்கும் பதில் இல்லையென்றால் அழித்துவிடுங்கள்.

அக்டோபர் 2 கிராம சபைக்கு ஊரில் இருப்பவர்கள் போங்கள். மாவட்ட வேளாண் வானிலை அலகு திரும்ப வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். தீர்மானத்தால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள். கேட்காமல் இருந்ததால் என்ன ஆனது என்று மேலே எழுதியிருக்கிறேன்.

அதுவரை எங்கள் ஊர் பால் சொசைட்டி வாசலில் ஒரு கரும்பலகை மாட்டியிருக்கிறேன். செவ்வாய், வெள்ளி காலையில் மண்டல அறிக்கையைப் பார்த்து, நம் ஊருக்குப் பொருந்துவதை வேளாண் அலுவலரிடம் கேட்டு, சாக்பீஸால் எழுதப் போகிறேன். பால் ஊற்ற வருபவர்கள் படித்துவிட்டுப் போகட்டும். கண் சரியாகத் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாசித்துக் காட்டுவார்கள். தம்பியையும் வரச் சொல்லியிருக்கிறேன். வருவான் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்