குற்றவாளி லினக்ஸ் அல்ல

"லினக்ஸ் நல்லதுதான், ஆனால் வைஃபை வேலை செய்யாதே!" இருபது வருடங்களாக இந்த வசனத்தைக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இதைச் சொல்பவர்கள் தவறான ஆளையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்கள் என்பதே என் வாதம்.

விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்தியது. எனது கட்டுரைகளைப் பத்து வருடங்கள் சுமந்த மடிக்கணினிக்கு விண்டோஸ் 11ஐ ஏற்கும் தகுதி இல்லையாம். வீசிவிட மனம் வரவில்லை. மருமகன் லினக்ஸ் நிறுவித் தந்தான். திரை, ஒலி எல்லாம் இயங்கின. வைஃபை மட்டும் இல்லை.

"மாமா, இந்தக் கார்ட்டுக்கு டிரைவர் இல்லை. இன்டர்நெற்றில இருந்துதான் இறக்க வேணும்."

"இன்டர்நெற் எடுக்கிறதுக்குத்தானேடா அந்தக் கார்ட்?"

சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். கைத்தொலைபேசியை யூ.எஸ்.பி. வயரால் இணைத்து அன்று தப்பினோம்.

இதில் லினக்ஸின் பிழை என்ன? சிப்புடன் கணினி பேசுவதற்கு டிரைவர் வேண்டும். டிரைவர் எழுதுவதற்கு அந்தச் சிப்பின் உள்விபரங்கள் வேண்டும். அவற்றைத் தர மறுத்தவர்கள் யார்? புரொட்கொம் நிறுவனத்தின் சிப்புகளுக்குத் தொண்டர்கள் நிறுவனத்தின் டிரைவரையே பகுத்தாராய்ந்து சொந்தமாக ஒன்றை எழுதினார்கள். 2006இல் அது லினக்ஸ் கேர்னல் 2.6.17இல் சேர்ந்தது. அப்போதும் சிப்புக்குள் ஏற்றவேண்டிய ஃபேர்ம்வெயாரை விநியோகிக்க அனுமதி இல்லை. நிறுவனத்தின் டிரைவரிலிருந்து பாவனையாளரே அதை வெட்டி எடுக்கவேண்டியிருந்தது. வேறு சிலர் என்டிஸ்ராப்பர் மூலம் விண்டோஸ் டிரைவரையே லினக்ஸுக்குள் ஓட்டினார்கள். புரொட்கொம் தனது சில புதிய சிப்புகளுக்கான மூலநிரலை வெளியிட்டது 2010 செப்ரெம்பரில்தான்.

வானொலி அலைவரிசைச் சட்டம் தடுக்கிறது என்பது நிறுவனங்கள் வழக்கமாகச் சொல்லும் சாட்டு. அதெரொஸ் நிறுவனம் 2008இல் ஏத்9கே டிரைவரைத் திறந்த மூலமாகவே வெளியிட்டது. வானம் இடிந்து விழவில்லை. 2016இல் அமெரிக்காவின் எஃப்.சி.சி., மின்வலு விதிகளை மீறிய ரவுட்டர்களுக்காக டிபி-லிங்க் நிறுவனத்துடன் 2 இலட்சம் டொலருக்கு இணக்கம் கண்டபோது, பிறர் எழுதும் ஃபேர்ம்வெயாருக்கு இடமளிக்கும் வழிகளை ஆராயவும் அதை உடன்படச் செய்தது. சட்டத்தைக் காவல் காப்பவருக்கே இல்லாத அச்சம் வியாபாரிக்கு எதற்கு?

நம் பக்கத்திலும் பிழை இருந்தது. மூலநிரல் இல்லாத ஃபேர்ம்வெயாரை அதிகாரபூர்வ நிறுவியில் சேர்ப்பதில்லை என்று டெபியன் பல வருடங்கள் கொள்கை காத்தது. தண்டனை அனுபவித்தது நிறுவனமல்ல, புதிதாக வந்த அப்பாவிப் பாவனையாளர். 2022இல் வாக்கெடுத்து அதை மாற்றினார்கள்; 2023இல் வந்த டெபியன் 12இலிருந்து அது நிறுவியுடனேயே வருகிறது. சரணாகதி என்று சிலர் ஏசினார்கள். எனக்கு அது விவேகம். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது: அந்த ஃபேர்ம்வெயாருக்குள் என்ன இருக்கிறது என்று இன்றும் நம்மால் வாசித்தறிய முடியாது.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். ஊரிலுள்ள பிள்ளைகளுக்குப் பழைய மடிக்கணினி அனுப்புமுன் அதிலுள்ள வைஃபை சிப்பின் பெயரைப் பாருங்கள். கேர்னலிலேயே டிரைவர் உள்ள சிப்பா என்று தேடுங்கள். இல்லையென்றால் லினக்ஸ் அறிந்த யூ.எஸ்.பி. வைஃபை ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள். புதிது வாங்கும்போது கடைக்காரரிடம் இதே கேள்வியைக் கேளுங்கள். பதில் தெரியாமல் அவர் விழித்தாலும் பரவாயில்லை. நூறு பேர் கேட்டால் அந்தக் கேள்வி கொம்பனி வரை போகும்.

காசு கொடுத்து வாங்கிய பொருள் எந்த மொழியில் பேசுகிறது என்பதை மறைப்பவன் அதை விற்கவில்லை; வாடகைக்கு விட்டிருக்கிறான்.