ஓரியின் மலையில் இன்று யார்?

மெல்பர்னில் நம் தமிழ் விழாக்கள் ஒரு வணக்கத்தோடு தொடங்குகின்றன. இந்த மண்ணின் மூத்த குடிகளான வுருண்ட்ஜெரி மக்களின் பெயரைத் தட்டுத்தடுமாறியாவது சொல்லிவிடுகிறோம். அரை மணி நேரம் கழித்து அட்டை வில்லோடு ஒரு சிறுவன் மேடையேறுகிறான். “நான் வல்வில் ஓரி, கொல்லிமலையை ஆண்டவன்!” என்கிறான். அரங்கம் அதிரக் கைதட்டுகிறோம்.

கொல்லிமலையில் இன்று வாழ்பவர்கள் யார் என்று அந்த அரங்கில் கேட்டுப் பாருங்கள். பதில் வராது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. இத்தனைக்கும் நான் சேலத்துக்காரன். அந்த மலை எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் விடுமுறையில் போனேன். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். செம்மேட்டில் ஓரியின் சிலை முன் குடும்பத்தோடு படம் எடுத்து, ‘நம் மன்னனின் மலை’ என்று உறவினர் குழுவில் போட்டேன். இறங்கும் வழியில் சோளக்காட்டுச் சந்தையில் மிளகு விற்ற அம்மாவிடம், “எந்த ஊருங்க?” என்றேன். “தேவனூர் நாடு” என்றார். நாடா? ஆம். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு என்று அந்த மலையின் ஊர்த் தொகுதிகள் எல்லாமே நாடுகள்தான். மன்னனைத் தெரிந்த எனக்கு அவன் மலையில் ஒரு நாட்டின் பெயர்கூடத் தெரியவில்லை.

அங்கே வாழ்பவர்கள் மலையாளிகள். கேரளத்தவர் அல்லர்; மலையில் வாழும் தமிழ் பேசும் பழங்குடிகள். தம் முன்னோர் காஞ்சியிலிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. ஓரிக்கும் அவர்களுக்கும் இரத்த உறவு உண்டா என்பது என் கேள்வி அல்ல. அந்த மலையை இன்று உழுகிறவர்கள் அவர்கள். எனக்கு அது போதும்.

“மன்னனைக் கொண்டாடினால் என்ன தவறு?” என்று நண்பர்கள் சண்டைக்கு வருகிறார்கள். கொண்டாடுங்கள். ஆனால் முழுக் கதையையும் சொல்லுங்கள். கடையெழு வள்ளல்களில் ஒருவனான ஓரியைக் கொன்றவன் காரி. அவனும் அதே எழுவரில் ஒருவன். கொன்றபின் மலையைச் சேரனுக்குக் கொடுத்துவிட்டான். மலையில் இருந்தவர்களை யாராவது கேட்டார்களா? புறப்பாட்டில் பெயர் பெறுபவர்கள் பெரும்பாலும் மன்னர்கள். தினைப்புனம் காத்தவர்களைப் பாடும் அகப்பாட்டிலோ தலைமக்களின் பெயரைச் சொல்லக்கூடாது என்பது இலக்கண விதி. இரண்டுக்கும் நடுவில் மலைமக்கள் பெயரற்றுப் போனார்கள். அந்த விதியைத்தான் நாம் இன்றும் மேடைகளில் காப்பாற்றுகிறோம்.

இது நம்முடைய நோய் மட்டுமல்ல. இத்தாலியின் உர்பினோ மலைநாட்டை ஆண்ட ஃபெடெரிகோ டா மான்டெஃபெல்ட்ரோ (1422–1482) கலைகளின் புரவலர் என்று போற்றப்படுபவர், கூலிப்படைத் தலைவரும்கூட. 1472-இல் அவர் தலைமையில் சென்ற படை வோல்டெர்ரா நகரைச் சூறையாடியது. போட்டியொன்றில் வலக்கண்ணை இழந்தவர் என்பதால், பியரோ டெல்லா ஃபிரான்செஸ்கா அவருடைய இடப்பக்க முகத்தை மட்டும் வரைந்தார். அந்த ஓவியத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்கு மறுபக்கத்தையும் யாராவது சொல்லிவிடுகிறார்கள். நம் பிள்ளைகளுக்கு யார் சொல்கிறார்கள்?

மறுபக்கத்தைக் காண அதிகம் தேட வேண்டியதில்லை, நம் சமையலறை போதும். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த கொல்லிமலை நிலங்களில் பெரும்பகுதி மரவள்ளிக்கு மாறிவிட்டது. அந்தக் கிழங்கு சமவெளியின் சேகோ ஆலைகளுக்குப் போய் ஜவ்வரிசியாகிறது. நம் பொங்கல் பாயசத்தில் மிதப்பது அதுவாகவும் இருக்கலாம். 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்ததும், சிட்னி பெண்டில் ஹில்லிலும் மெல்பர்ன் டான்டினாங்கிலும் சாமைப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு ‘பாரம்பரியம்’ என்று பெருமைப்பட்டோம். அந்தத் தானியத்தைத் தலைமுறை தலைமுறையாக விதைத்தவர்களைப் பற்றி ஒரு சொல் சொன்னோமா?

நான் மென்பொருள் ஆலோசகன். பயன்படுத்தப் போகிறவர் யார் என்று கேட்காமல் திட்டம் எழுதினால் என்னை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள். பண்பாட்டு விழாவுக்கு மட்டும் அந்தக் கேள்வி வேண்டாமா?

சிலைக்கு நன்கொடை திரட்டுவதை ஓர் ஆண்டு நிறுத்துங்கள். ஊருக்குப் போனால் அருவியோடு திரும்பிவிடாதீர்கள். சந்தையில் நின்று பேசுங்கள், மிளகை அவர்களிடமே வாங்குங்கள். அடுத்த விழாவில் ஓரி வேடமிடும் பிள்ளைக்கு இன்னும் இரண்டு வரி எழுதிக் கொடுங்கள்: “இன்று என் மலையில் மலையாளி மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் நாடுகளின் பெயர்கள் இவை.”

வுருண்ட்ஜெரி என்று சொல்லப் பழகிய நம் நாக்குக்கு, தேவனூர் நாடு என்று சொல்வது அவ்வளவு கடினமா?