மின்மினி பார்க்கப் போற மாதிரி

கம்போங் குவாந்தானில் படகேறினால் கொஞ்ச நேரத்தில் மின்மினி பார்த்துத் திரும்பிவிடலாம். சுற்றுத் தோட்டங்களுக்கு ‘மிஷன் டிரிப்’ வரும் இளைஞர்களும் அப்படித்தான். சனிக்கிழமை கிதார், விளையாட்டு, பிள்ளைகளுக்கு மைலோ. ஞாயிறு மாலை கோலாலம்பூர். அடுத்த வாரம் சபையில் சாட்சி: “என் விசுவாசம் வளர்ந்துச்சு.” சரி, வளரட்டும். கூட நின்று படம் எடுத்தீங்களே, அந்தப் பிள்ளை பேரு ஞாபகம் இருக்கா?

சிறு பயணமே வீண் என்று சொல்ல வரவில்லை. 1902இல் வேதநாயகம் சாமுவேல் அசரியா யாழ்ப்பாணம் போனதும் சிறு பயணம்தான். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் வெளியூருக்கு ஊழியர்களை அனுப்புவதைப் பார்த்தார், உறுத்தியது. மறு ஆண்டே திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. பிறகு தானே தோர்ணக்கல் போனார், தெலுங்கு படித்தார், 1912இல் பேராயரானார், 1945இல் அங்கேயே இறந்தார். இடையில், 1910 எடின்பரோ மாநாட்டில், வெள்ளைக்கார மிஷனரிகளிடம் முகத்துக்கு நேரே அவர் கேட்டது நட்பை. தியாகம், தானமெல்லாம் அவர்கள் ஏற்கெனவே கொடுத்தாச்சு.

தோட்டத்துப் பிள்ளைக்கும் மைலோ போதும். எஸ்.பி.எம். முடியும்வரை வாராவாரம் வந்து கணக்குச் சொல்லித்தர, அதுவும் அவன் வீட்டு மாரியம்மனைப் பற்றி வாயைத் திறக்காமல் சொல்லித்தர, ஒரு அண்ணனோ அக்காவோ வேணும். கோலாலம்பூரிலிருந்து காடியில் ஒன்றரை மணி நேரம்தான்.