தேயிலைக்கு ஒரு நீதி, மாவுக்கு ஒரு நீதியா?

ஹற்றன், நுவரெலியாத் தேயிலைத் தொழிற்சாலைகளுள் நுழைந்து பார்ப்போர் ஓர் உண்மையை அறிவர். உலர்த்தியிலிருந்து வெளிவரும் தூளில் ஏறத்தாழ 3 சதவீத ஈரமே இருக்கும். அது 6, 7 சதவீதத்துக்கு மேல் ஏறினால் மணமும் குணமும் கெடும். ஆதலால் தூளை ஈரம் புகாத பைகளில் அடைத்து, தரையிற் படாது பலகைமீது அடுக்கி, இலக்கமிட்டு, நிறுத்துக் கொழும்புக்கு அனுப்புகின்றனர். இந்த அக்கறையை நாம் பாராட்டுகிறோம்.

ஆனால், கொழுந்து கொய்த கை மாலையிற் பிசையும் ரொட்டி மாவுக்கு இதிற் பாதி அக்கறையேனும் உண்டா என்பதே எமது கேள்வி.

ஆனி, ஆடி மாதங்களில் மழையும் மூடுபனியும் மலையை விட்டு அகல்வதில்லை. சீமெந்துத் தரையிற் சுவரோரமாய்க் கிடக்கும் மூட்டை ஈரத்தை உறிஞ்சும். மா கட்டிபடும்; அரிசியில் வண்டு விழும்; செத்தல் மிளகாயிற் பூஞ்சணம் பூக்கும். சிலவகைப் பூஞ்சணம் உண்டாக்கும் அஃப்ளடொக்சின் என்ற நஞ்சு ஈரலிற் புற்றுநோயை விளைக்க வல்லது. சாதாரணச் சமையற் சூட்டில் அது முற்றாக அழிவதில்லை. வெயிலிற் காயவைத்தாற் போதும் என்றெண்ணுவது பேதைமை.

வெள்ளைத் துரைமார் காலத்தில் தோட்டமே அரிசியை அளந்து கொடுத்து, அதன் விலையைச் சம்பளத்திற் கழித்தது. அளக்கும் படியும் கணக்கேடும் ஒரே கையில் இருந்தன. 1973, 1974 ஆம் ஆண்டுகளின் தட்டுப்பாடு லயங்களிற் பட்டினிச் சாவுகளை விளைத்தது. இன்றும் கடனுக்கு வாங்கும் ஏழை, கெட்ட பண்டத்தைத் திருப்பிக் கொடுக்க அஞ்சுகிறான்.

சட்டம் இல்லாமலில்லை. 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம், சுகாதாரக் கேடான நிலையில் உணவைச் சேமித்து விற்பதைத் தடைசெய்கிறது. மாதிரி எடுத்துச் சோதிக்கும் அதிகாரம் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு உண்டு. அந்த அதிகாரம் நகரத்துக் கடைவீதியோடு நின்றுவிடாது தோட்டத்துக் கடைவரை மலையேற வேண்டும்.

நாம் கேட்பது பெரும் பொருட்செலவன்று. மூட்டைகள் பலகைமீது, சுவரைவிட்டு ஒரு முழம் விலகியிருக்கட்டும். முன் வந்த சரக்கு முன்னே விலைப்படட்டும். எலி புகாத கதவும், பூட்டும், வரவு செலவுப் பதிவும் இருக்கட்டும். தராசு வாங்குவோர் கண்முன் நிற்கட்டும். கெட்ட பண்டத்தை மாற்றித்தர மறுப்போரைத் தொழிற்சங்கங்கள் தட்டிக் கேட்கட்டும்.

தேயிலையைக் காக்கத் தெரிந்தவர்களுக்கு மாவைக் காக்கத் தெரியாதென்று எவரேனும் சொன்னால், அதை நாம் நம்பப் போவதில்லை.