மடிக்கிற இ-பைக்: வாங்குறதுக்கு முன்னாடி தண்ணி கேனைத் தூக்கிப் பாருங்க

பிளேஸ்மென்ட் முடிஞ்சதும் நம்ம பேட்சில் பல பேருக்கு ஒரே திட்டம்தான். வேலை ஒரகடம் சிப்காட்டில், ரூம் சேரப்பணஞ்சேரியில். ஷிப்டுக்குப் போக மடிக்கிற இ-பைக். ரூமுக்குள்ள வச்சுக்கலாம், பஸ்ஸில் ஏத்திக்கலாம், லைசென்ஸ் வேண்டாம். நானும் அப்படித்தான் நினைச்சேன். கணக்குப் போட்டுப் பார்த்ததும் மனசு மாறிடுச்சு.

முதலில் நல்லதைச் சொல்லிடறேன். மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருந்தால் பதிவு, லைசென்ஸ் எதுவும் தேவையில்லை. செலவும் கம்மி. 36 வோல்ட், 7.5 ஆம்பியர்-ஹவர் பேட்டரி என்றால் 270 வாட்-ஹவர், அதாவது கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தாலும் ஃபுல் சார்ஜுக்கு 3 ரூபாய்கூட ஆகாது. மிதிக்காமலே 20 கிலோமீட்டர் வரை ஓடும். ஒரகடம் போய்வரத் தாராளம்.

சிக்கல் மடிப்பில்தான். மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்தால் இந்த வண்டிகள் பெரும்பாலும் 20 கிலோவைத் தொடும், தாண்டவும் செய்யும். ஹாஸ்டலில் தண்ணி கேன் தூக்கியிருப்பீங்க இல்ல? 20 லிட்டர், அதே 20 கிலோ. அதைத் தூக்கிக்கிட்டு ஷிப்ட் நேரத்துக் கூட்டத்தில் பஸ் படி ஏற முடியுமா? ஏறினாலும் கண்டக்டர் விடுவாரா? லண்டன் பிராம்ப்டன் கம்பெனி தன் மின்சார மாடலில் பேட்டரியைத் தனிப் பையாகக் கழற்றித் தோளில் மாட்டிக்கிற மாதிரி செய்திருக்கு. மடிச்ச பிறகு எடைதான் பிரச்சினைன்னு அவங்களுக்கும் தெரியும்.

இன்னொன்று, கீல். ஃபிரேமின் நடுவில், வளைவு விசை அதிகம் விழுகிற இடத்தில் ஒரு ஜாயின்ட் வைக்கிறோம். அது தளராமல் இருக்க உறுதியாகச் செய்யணும். அதற்கான எடைக்கும் காசுக்கும் நாமதான் பொறுப்பு.

கடைசியாக ரோடு. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் கன்டெய்னர் லாரி போற வேகம் உங்களுக்கே தெரியும். அதன் பக்கத்தில் சின்னச் சக்கரத்தில் 25 கிலோமீட்டர் வேகத்தில், நைட் ஷிப்ட் முடிஞ்ச தூக்கக் கண்ணோடு போறதை நினைச்சுப் பாருங்க. சட்டம் கேட்காவிட்டாலும் ஹெல்மெட்டும் பின்பக்க லைட்டும் கட்டாயம்.

அப்போ யாருக்கு இது சரி? தாம்பரம் வரை மின்சார ரயிலில் கூட்டமில்லாத நேரத்தில் வந்து, இரண்டு பக்கமும் வண்டி ஓட்டுறவங்களுக்கு. தினமும் மடிக்கிறவங்களுக்கு. மற்றவங்க அதே மோட்டார், அதே பேட்டரி உள்ள மடிக்காத இ-சைக்கிள் வாங்கினால் போதும். பேட்டரி கழற்ற வருதான்னு மட்டும் பாருங்க. வண்டி கீழே நிற்கட்டும், பேட்டரி ரூமுக்கு வரட்டும். புது பேட்டரி என்ன விலைன்னும் அன்றைக்கே கேட்டுடுங்க.

நான் இப்போதைக்குக் கம்பெனி பஸ். நீங்க முடிவெடுக்கும் முன் ஒரு வாரம் எண்ணிப் பாருங்க: எத்தனை தடவை உண்மையிலேயே மடிக்க வேண்டியிருக்கும்? பூஜ்யம்னு வந்தால், முதல் சம்பளத்தை மடிப்புக்குக் கொடுக்காதீங்க.